மங்கிய தொனியும் மறைந்த பழுதும்

இசை விழா ஆனாலும், பள்ளி ஆண்டு விழா ஆனாலும், ஆலயத்துப் பாடகர் குழு ஆனாலும் மின்சாரத்தின் துணையின்றி இன்று எதுவும் நடைபெறுவதில்லை. கிதாரும் கீபோர்டும் மட்டுமல்ல, வீணையும் வயலினும் கூட ஆம்ப்ளிபயரின் வழியாகவே பெருங்கூட்டத்தின் செவிகளைச் சென்றடைகின்றன. கர்நாடக இசை மேடையில் மின் மாண்டலினைப் புகழ்பெறச் செய்த யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்களின் வாசிப்பைக் கேட்டவர்கள், கருவியும் ஆம்ப்ளிபயரும் ஒன்றுக்கொன்று இசைந்து நின்றால் எத்துணை இனிமை பிறக்கும் என்பதை நன்கு அறிவர்.

அத்தகைய ஆம்ப்ளிபயரில் ஒரு சிறு குமிழ் வேலை செய்யாமற் போனால் என்ன செய்வது? "பெட்டி கெட்டுவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் புதிய பெட்டிக்கான பணம் பெற்றோரின் உழைப்பிலிருந்தல்லவா வரவேண்டும்? வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் முதலில் நோயையும் பிறகு அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியில் இறங்க வேண்டும் என்கிறார். மனிதருக்குச் சொன்ன இவ்வறிவுரை மின்கருவிக்கும் முற்றிலும் பொருந்தும். பழுது பார்த்தல் என்பது பாகங்களை மாற்றுவது அன்று. ஐயங்களை ஒவ்வொன்றாக நீக்குவதே ஆகும். இதனை எங்கள் பாடகர் குழுவின் ஆம்ப்ளிபயர் வாயிலாகப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் கற்றோம். கற்றதை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

தொனி என்பது யாது?

ஒலியின் அளவு வேறு, தொனி வேறு. வால்யூம் குமிழ் எல்லா ஒலிகளையும் ஒருசேரக் கூட்டும் அல்லது குறைக்கும். தொனிக் குமிழோ சில அதிர்வெண்களை மட்டும் கூட்டும் அல்லது குறைக்கும். பேஸ் என்பது தாழ்ந்த அதிர்வெண்களுக்கு உரியது. டிரெபிள் என்பது உயர்ந்த அதிர்வெண்களுக்கு உரியது.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது. கிதாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ் வேகத்திலும், மெல்லிய கம்பி சுமார் 330 ஹெர்ட்ஸ் வேகத்திலும் அதிர்கின்றன. "அப்படியானால் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் எதற்கு?" என்று தோழியர் கேட்கலாம். ஒவ்வொரு கம்பியும் தன் அடிப்படை ஒலியோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு என மேற்சுரங்களையும் எழுப்புகிறது. அவையே கிதாரைக் கிதாராகவும் வீணையை வீணையாகவும் நமக்கு இனங்காட்டுகின்றன. அதுபோலவே நாம் பாடும்போது ச, ஸ, ஷ ஆகிய எழுத்துகளின் சீறொலி பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் அமைகிறது. ஆதலால் டிரெபிள் குறைந்தால் பாட்டின் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. சொல் விளங்காத பாட்டினால் கேட்பவருக்குப் பயன் என்ன?

குமிழுக்குள் நடப்பது

தொனிக் கட்டுப்பாட்டின் உயிர்நாடி மின்தேக்கியே. கடைகளில் இதனைக் கண்டன்சர் என்பார்கள். மின்தடை எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் தடுக்கும். மின்தேக்கியோ தாழ்ந்த அதிர்வெண்ணை மிகுதியாகவும், உயர்ந்த அதிர்வெண்ணைக் குறைவாகவும் தடுக்கும். எடுத்துக்காட்டாக, 0.022 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்று 100 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 72,000 ஓம் எதிர்ப்பைக் காட்டுகிறது. அதே மின்தேக்கி 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 720 ஓம் எதிர்ப்பையே காட்டுகிறது. அதிர்வெண் நூறு மடங்கு கூடினால் எதிர்ப்பு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இதன் மேல் 223 என்று அச்சிட்டிருந்தால், 22 என்னும் எண்ணுக்குப் பின் மூன்று சுழியங்கள் சேர்த்து 22,000 பிக்கோபாரட், அதாவது 0.022 மைக்ரோபாரட் எனப் படித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தைக் காண்போம். பாடநூலில் இது மாறும் மின்தடை. கடையில் கண்ட்ரோல் என்றே கேட்க வேண்டும். வளைந்த கரித்தடம் ஒன்றும், அதன் மேல் நகரும் தொடுமுனை ஒன்றும் இதற்குள் உள்ளன. வெளியே மூன்று கால்கள் இருக்கும். ஓரக் கால்கள் இரண்டும் தடத்தின் இரு முனைகள். நடுக்கால் நகரும் தொடுமுனை.

கிதாரின் மேலேயே உள்ள தொனிக் குமிழ், உயர்ந்த அதிர்வெண்களை மின்தேக்கி வழியே நிலத்துக்கு அனுப்பி ஒலியை மென்மையாக்கும். அதனால் குறைக்க முடியுமே தவிர, கூட்ட முடியாது. ஆம்ப்ளிபயரில் உள்ள பேஸ், டிரெபிள் குமிழ்களோ பெரும்பாலும் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற மின்சுற்று ஒன்றை இங்கிலாந்தின் பொறியாளர் பீட்டர் பாக்சண்டால் 1952 அக்டோபரில் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் வெளியிட்டார். பெருக்கப்பட்ட ஒலியில் ஒரு பகுதியை எதிர்த் திசையில் திருப்பி உள்ளே செலுத்துவதே அதன் நுட்பம். குமிழ் நடுவில் நின்றால் ஒலி மாறாமல் செல்லும். வலப்புறம் திருப்பினால் கூடும், இடப்புறம் திருப்பினால் குறையும். எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் எண்ணற்ற ஆம்ப்ளிபயர்களில் இம்முறையே பயன்படுகிறது.

முதலில் உயிர், பிறகே ஒலி

பழுது பார்க்கும் முன் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது உயிரைப் பறிக்க வல்லது. செருகியைப் பிடுங்கிய பின்னும் பெட்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கிகள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். பழைய வால்வு ஆம்ப்ளிபயர்களில் இது 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக்கூடும். ஆகவே மாணவியர் தாமாகப் பெட்டியைத் திறத்தல் கூடாது. வெளியே செய்யும் சோதனைகள் நமக்கு உரியவை. உள்ளே செய்யும் சோதனைகள், தேர்ந்த ஒருவர் செய்ய நாம் அருகிலிருந்து கற்க வேண்டியவை.

மற்றொன்று, இரைச்சல் குறையும் என்று எண்ணிச் சிலர் மூன்று பின் செருகியின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. 1972 மே 3 அன்று வேல்ஸில் உள்ள ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். முறையான எர்த் இணைப்பு இல்லாமையே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிதார் வாசிப்பவர் ஒரு கையால் கம்பிகளையும் உதட்டால் மைக்கையும் தொடுகிறார் என்பதை நாம் மறக்கலாகாது.

எங்கள் ஆம்ப்ளிபயரின் கதை

கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்த வேளையில் எங்கள் ஆம்ப்ளிபயரின் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிட்டது. டிரெபிள் குமிழை எப்புறம் திருப்பினாலும் மாற்றமில்லை. உள்ளிருக்கும் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். புதிய பெட்டியே நல்லது என்றார் வேறொருவர். எங்கள் இயற்பியல் ஆசிரியை, ரேடியோ பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரை அழைத்து வந்தார். அவர் பையிலிருந்து கருவி எதையும் எடுக்கவில்லை. "பிள்ளைகளா, முதல்ல காதால கேளுங்க, அப்புறம் கழட்டலாம்" என்றார்.

அவர் சொற்படி, முதலில் குறையைத் தாளில் எழுதினோம். "ஒலி சரியில்லை" என்று எழுதினால் போதாது என்றார். எனவே, "வால்யூம் வேலை செய்கிறது, பேஸ் வேலை செய்கிறது, டிரெபிள் முழுச் சுற்றிலும் மாற்றம் தரவில்லை, திருப்பும்போது கரகரப்பு இல்லை" என்று எழுதினோம்.

இரண்டாவதாக, கிதாரை ஐயுற்றோம். அதன் தொனிக் குமிழ் முழுவதும் திறந்தே இருந்தது. இணைப்புக் கம்பியையும் ஐயுற்றோம். நீண்ட கம்பி தானே ஒரு மின்தேக்கியைப் போல் நடந்துகொள்ளும். மீட்டருக்கு 100 பிக்கோபாரட் என்றால் 10 மீட்டர் கம்பிக்கு 1,000 பிக்கோபாரட் ஆகும். அது கிதாரின் உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். எனவே 3 மீட்டர் கம்பி ஒன்றை மாற்றிப் பார்த்தோம். பிறகு கிதாரை விலக்கிக் கீபோர்டை இணைத்தோம். அப்போதும் ஒலி மங்கலே. ஆகக் கிதாரும் கம்பியும் குற்றமற்றவை எனத் தெளிந்தோம்.

மூன்றாவதாக, ஸ்பீக்கரை ஐயுற்றோம். உயர்ந்த ஒலிக்கான டுவீட்டர் என்னும் சிறு ஸ்பீக்கர் பழுதானாலும் டிரெபிள் கேட்காது. குமிழ் நன்றாக வேலை செய்தாலும் பழி அதன் மேல் விழும். வேறு ஸ்பீக்கரை இணைத்தோம், மாற்றமில்லை. ஸ்பீக்கரும் குற்றமற்றதே.

இப்போது சற்றுச் சிந்தித்தோம். வால்யூமும் பேஸும் ஒழுங்காக இருப்பதால் மின்வழங்கும் பகுதியும் கடைசிப் பெருக்கும் பகுதியும் நலமே. எஞ்சியிருப்பவை டிரெபிள் கண்ட்ரோல், அதனோடு சேர்ந்த மின்தேக்கிகள், அவற்றின் இணைப்புகள் மட்டுமே. ஒரு திருகாணியைக் கூடக் கழற்றாமல், பெட்டி முழுவதும் பரவியிருந்த ஐயம் நான்கைந்து பாகங்களுக்குள் அடங்கிவிட்டது!

அதன் பின்னரே அண்ணன் செருகியைப் பிடுங்கி, மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை நீக்கிப் பெட்டியைத் திறந்தார். மல்டிமீட்டரை ஓரக் கால்கள் இரண்டிலும் வைத்தார். 100 கிலோ ஓம் கண்ட்ரோலுக்கு 98 காட்டியது. சுற்றிலுள்ள பாகங்களால் அளவு குறைத்தும் காட்டக்கூடும் என்பதையும் அவர் விளக்கினார். பின் ஒரு முனையை நடுக்காலுக்கு மாற்றிக் குமிழை மெல்லத் திருப்பச் சொன்னார். எண் தாவாமல் சீராக ஏறி இறங்கியது. கரித்தடமும் தொடுமுனையும் நலம். மின்தேக்கிகளும் தத்தம் அளவைச் சரியாகக் காட்டின.

எல்லாம் சரி, பிறகு எதுதான் பழுது? இப்போது அவர் மீட்டரின் முனையை நடுக்காலிலிருந்து எடுத்து, அக்கால் பற்றவைக்கப்பட்டிருந்த பலகையின் செப்புத் தடத்தில் வைத்தார். மீட்டர் எதையும் காட்டவில்லை. காலில் இருக்கும் இணைப்பு, ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தடத்தில் இல்லை! உருப்பெருக்கியால் பார்த்தபோது, ஈயப்பற்றைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் வட்டமாகத் தெரிந்தது. ஓரத்தில் பச்சை நிறக் களிம்பும் படிந்திருந்தது. குமிழை அழுத்தித் திருப்பும் ஒவ்வொரு முறையும் அக்கால் அசைந்திருக்கிறது. நாளடைவில் பற்று விரிந்தது. விரிசலில் உப்புக் காற்று புகுந்தது.

பழைய ஈயத்தை நீக்கி, களிம்பைத் துடைத்து, புதிதாகப் பற்றவைத்தார். டிரெபிள் மீண்டது, பாட்டின் சொற்கள் மீண்டன. மாற்றப்பட்ட பாகம் ஒன்றுமில்லை. அண்ணனுக்கு உரிய கூலியைத் தவிரச் செலவும் இல்லை. கண்ட்ரோலை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் என்னவாகியிருக்கும்? புதிய பற்றினால் ஒலி சரியாகியிருக்கும். ஆனால் நல்ல பாகத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு, அதுவே குற்றவாளி என்று நம்பியிருப்போம். காரணம் அறியாமல் கிடைக்கும் வெற்றி அறிவாகாது.

குறிகளும் காரணங்களும்

தோழியர் நினைவில் கொள்ளச் சிலவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு எழுந்தால், கரித்தடத்தில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம். சுத்தம் செய்தும், புதிய கண்ட்ரோல் போட்டும் கரகரப்பு போகவில்லையெனில், முந்தைய பகுதியின் மின்தேக்கி கசிந்து நேர்மின்னோட்டத்தை உள்ளே விடுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

2. முழுச் சுற்றிலும் மாற்றம் இல்லையெனில், நடுக்கால் இணைப்பு, ஈயப்பற்று, மின்தேக்கி ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

3. ஒரே இடத்தில் ஒலி விட்டுவிட்டு வந்தால், அந்த இடத்தில் தடம் தேய்ந்துள்ளது.

4. மாற்றம் முழுவதும் சுற்றின் ஒரு முனையிலேயே நெருங்கி நின்றால், முன்பு யாரோ பொருந்தாத வகைக் கண்ட்ரோலைப் போட்டிருக்கலாம். இன்று கிடைக்கும் பெரும்பாலானவற்றில் பி என்னும் எழுத்து சீராக மாறும் வகையையும், ஏ என்னும் எழுத்து செவியின் இயல்புக்கேற்ப மாறும் வகையையும் குறிக்கும். பாக்சண்டால் முறைக்குப் பெரும்பாலும் பி வகையே ஏற்றது.

5. ஒரு கருவியில் மட்டும் ஒலி மங்கினால், ஆம்ப்ளிபயரைத் தொடவே வேண்டாம். அக்கருவியையும் அதன் கம்பியையும் பார்க்க வேண்டும்.

6. பேஸைக் கூட்டும்போது முரலும் இரைச்சல் மிகுந்தால், பழுது தொனிப் பகுதியில் இராமல் மின்வழங்கும் பகுதியிலோ எர்த் இணைப்பிலோ இருக்கலாம். பேஸ் குமிழ் அதனை எடுத்துக்காட்டுகிறது, அவ்வளவே.

கடற்கரை ஊரின் கவனம்

எங்கள் கட்டுமாவடி பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீன்பிடி ஊர். இங்கு வீசும் காற்று மென்மையானது. ஆனால் உலோகத்துக்குப் பகையானது. காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்புத் துகள் கருவியின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ அதனினும் குறைந்த ஈரத்திலேயே நீரை ஈர்க்கும். இக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். செம்பும் ஈயப்பற்றும் போன்ற இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் அரிப்பை விரைவுபடுத்தும். படகின் இரும்பு ஆணி எப்படித் துருவேறுகிறதோ, அப்படியே குமிழின் காலிலும் களிம்பு ஏறுகிறது.

இதனைத் தடுக்க எளிய வழிகள் உண்டு. கருவியைக் கடல் நோக்கிய சன்னலருகே வைக்காமல் இருக்கலாம். வேலை முடிந்து சூடு ஆறியபின் தூய பருத்தித் துணியால் மூடலாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அருகே வைக்கலாம். மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்லாக் குமிழ்களையும் ஒரு முனை முதல் மறுமுனை வரை இருபது தடவை திருப்பலாம். தொடுமுனையே தடத்தைத் துடைத்துவிடும். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடலாகாது. அவை தூசியைச் சேர்த்துக் கேட்டை மிகுதியாக்கும். இதற்கென்றே விற்கப்படும் திரவத்தைத் தேர்ந்தவர் கையால், மின்சாரம் இல்லாத நிலையில் பயன்படுத்தி, நன்கு உலர்ந்த பின்னரே இயக்க வேண்டும்.

முடிவாக

"பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர் இன்றும் சிலர் உளர். மீட்டரின் எண் பெண்ணுக்கு ஒன்றும் ஆணுக்கு ஒன்றும் காட்டுவதில்லை என்பதே எங்கள் பணிவான விடை. அடுப்பில் பால் தீய்ந்தால் மணத்தால் அறிகிறோம். தையல் இயந்திரம் நூலை அறுத்தால் ஊசியா, நூலா, இறுக்கமா என ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறோம். அதே பொறுமைதான் இங்கும் வேண்டும்.

குறையைத் தெளிவாகச் சொல்லுதல், வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல், நலமானவற்றை ஒவ்வொன்றாய் விலக்குதல், எஞ்சியதை அளந்து பார்த்தல் ஆகிய ஐந்தையும் கைக்கொண்டால் எந்தப் பழுதும் நெடுநேரம் மறைந்திருக்க முடியாது. பெற்றோரின் பணம் வீணாகாது. நல்ல பொருள் குப்பைக்குப் போகாது. எர்த் பின்னைக் காப்பதால் உயிரும் காக்கப்படும். தோழியரே, அடுத்த முறை ஒரு கருவி மக்கர் செய்யும்போது, "தூக்கி எறி" என்று சொல்லும் முன் "எங்கே, ஏன்?" என்று கேட்போமாக!